சத்தமில்லாத தண்ணீர்

1. போன்

“மேடம், வயலு வெடிச்சுக் கெடக்கு. தொட்டி ரொம்பி நிக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்களும் மெக்கானிக் பாயும் கொஞ்சம் சீக்கிரம் வாங்க.”

வாசுகி சொன்னது அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். தஞ்சாவூரில் மணிமண்டபம் பக்கத்தில் ஸ்கூட்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவர் சொன்னதை முன்னும் பின்னுமாக யோசித்தேன். வயல் வெடித்திருக்கிறது. தொட்டி நிரம்பியிருக்கிறது. இரண்டும் ஒன்றாக நடக்காது. தொட்டி நிரம்பினால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போக வேண்டும். வாய்க்காலுக்குப் போனால் வயல் நனைய வேண்டும். நடுவில் எங்கோ தண்ணீர் காணாமல் போயிருந்தது.

ஆவணி வெயில். மேல்காற்று தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. குறுவை, தாளுக்குள்ளிருந்து கதிர் தலைநீட்டும் பருவத்தில் இருந்தது. தொண்டைக்கதிர் என்பார்கள். அந்தச் சமயத்தில் பயிர் தண்ணீருக்குத் தவித்தால், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் நெல்லுக்குள் அரிசி இருக்காது. வெளியே உமி, உள்ளே காற்று.

வாசுகி பயிரிட்டது குத்தகை நிலம். கணவர் சேகர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். நிலத்துக்காரர் தஞ்சாவூரில் குடியிருப்பவர். “தனியா ஒரு பொம்பள சாகுபடி பண்ணுமா” என்று இழுத்து, அரைமனதாக ஒரு போகத்துக்கு மட்டும் கொடுத்திருந்தார். குறுவை தவறினால் சம்பாவுக்கு நிலம் வேறு கைக்குப் போய்விடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவரிடம் பம்புசெட்டை மாற்றலாம் என்று பேசினேன்.

2. மிச்சம் மேடம்

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்வது என் வேலை. அரிசி ஆலைகளில் மோட்டார், பஞ்சாயத்துகளில் தெருவிளக்கு, பள்ளிக்கூடங்களில் மின்விசிறி என்று இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டே திரிகிறேன். சேமிக்கப்பட்ட மின்சாரத்தை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. இல்லாத ஒன்றைக் காட்டி நம்பச் சொல்லும் பிழைப்பு.

அதிலும் கஷ்டமானது விவசாய பம்புசெட். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், பில் வராது. பில் வராதவரிடம் சிக்கனத்தைப் பற்றி என்ன பேசுவது? திட்டம் போட்டவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய மோட்டாரை எடுத்துக்கொண்டு, குறைந்த மின்சாரத்தில் அதே தண்ணீரை இறைக்கும் புதிய பம்பை விவசாயிக்குச் சும்மா கொடுப்பது. மிச்சமாகும் மின்சாரத்தை டிரான்ஸ்பார்மரில் அளந்து, அந்தக் கணக்கில் செலவை ஈடுகட்டுவது. காகிதத்தில் அழகாக இருந்தது.

வாசுகியின் ஊரில் நடந்த முதல் கூட்டத்தில், அவருடைய பக்கத்து வயல்காரர் பக்கிரிசாமி எழுந்தார்.

“கரண்டு மிச்சமானா லாபம் யாருக்கு மேடம்?”

“மின்வாரியத்துக்கு. அப்புறம் நாட்டுக்கு.”

“அப்ப அவங்கள்ட்ட போயில்ல பேசணும். எங்கள எதுக்கு வெயில்ல உக்கார வச்சிருக்கீங்க?”

கூட்டம் சிரித்தது. மறுமுறை போனபோது எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். “மிச்சம் மேடம் வந்துட்டாங்க, ஃபேன அமத்துங்கப்பா” என்று டீக்கடையிலிருந்து குரல் வந்தது. பெயர் கிடைத்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒரு ஊர் பெயர் வைக்கிறது என்றால் வந்து போக இடம் கொடுக்கிறது என்று அர்த்தம்.

ஆனாலும் யாரும் முதலில் சம்மதிக்கவில்லை. இன்றைக்குப் புது மோட்டார் என்பார்கள், நாளைக்கு வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பார்கள் என்ற பயம். வாசுகி மட்டும்தான் வந்தார்.

“பழைய மோட்டாருக்கு அடிக்கடி காயில் போயிடுது மேடம். கட்டக் குடுத்தா அது திரும்பி வர்றதுக்குள்ள பயிரு வாடிடுது. நிக்காம ஓடுற மோட்டாரா இருந்தாக் குடுங்க. மிச்சத்த நீங்களே வச்சிக்குங்க.”

நிற்காமல் ஓடும் என்று சொன்னேன். நிலத்துக்காரரும் போனில் சரி என்றார்.

3. ஆள் உயரக் குழாய்

டெல்டாவில் எந்தச் சாலையில் போனாலும் பார்க்கலாம். வயல் நடுவே ஒரு கொட்டகை, பக்கத்தில் தொட்டி, தொட்டிக்கு மேலே ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து பிறகு தலைகுனிந்த டெலிவரி குழாய். அதிலிருந்து தண்ணீர் கனமாக, வெள்ளையாக விழும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். நானும் திருப்பிப் பார்ப்பேன். வித்தியாசம் என்னவென்றால், எனக்கு அந்த அழகு பிடிக்கும், அதே நிமிஷம் மனசுக்குள் யூனிட் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். பூமிக்கடியிலிருந்து தூக்கிவந்த தண்ணீரைத் தேவைக்கு மேல் ஏற்றி, ஏற்றிய உயரத்திலிருந்து சும்மா விழவிடுகிறோம். ஏற்றும் ஒவ்வொரு அடிக்கும் மோட்டார் மின்சாரம் தின்கிறது. இங்கே நிலத்தடி நீர் ரொம்ப ஆழம் இல்லை. அதனால் மேலே வீணாகும் அந்தச் சில அடிகள் பெரிய பங்கு.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன், குழாய் ஏன் இவ்வளவு உயரம் என்று.

“குளிக்கத் தோதா இருக்கும்.”

“எங்கப்பா வச்சது.”

“கொட்டுறதப் பாத்தாத்தான் மேடம் மனசு நெறையுது.”

“வேற எப்படி வைப்பாங்க?”

பழக்கம் என்று முடிவு கட்டினோம். பழக்கத்தை மாற்றலாம் என்பதுதான் எங்கள் பிழைப்பின் நம்பிக்கை.

புது பம்பு இறக்கிய அன்று ஜாபர் பாய் குழாயை அறுத்தார். இந்தப் பக்கத்து போர்வெல்களில் பாதிக்கு அவர்தான் மெக்கானிக். காலித் தொட்டிக்குள் டிரம்மை இறக்கி, குழாயின் புது வாயைத் தாழ்வாக வைத்து நிரப்பிக் காட்டினோம். பழைய பம்பைவிடச் சீக்கிரம் நிரம்பி வழிந்தது. நின்றவர்கள் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார்கள். அது இந்த ஊர்க் கைதட்டல். பிறகு பாய் ஒரு வளைவு போட்டுக் குழாயின் வாயைத் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்திவிட்டார். மேலே ஒரு சுழிப்பு மட்டும். தொட்டி மெல்ல ஏறி, கரையில் இருந்த வெட்டு வழியாக, வழவழப்பான சிமெண்டுச் சரிவில் வழுக்கி வாய்க்காலுக்கு இறங்கியது.

பக்கிரிசாமி தொட்டியைச் சுற்றி வந்தார். காதைக் குழாயருகே கொண்டுபோனார்.

“எல்லாம் சரிதான் மேடம். தண்ணி ஊமையா இருக்கே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாசுகியும்தான் சிரித்தார்.

4. பல்லி

நான் போய்ச் சேர்ந்தபோது ஜாபர் பாயின் வண்டி கொட்டகை வாசலில் நின்றது. வாசுகி வரப்பில் உட்கார்ந்திருந்தார். பயிர் வெளியிலிருந்து பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. இலைகள் மட்டும் நடுப்பகலில் சுருண்டு, ஊசிபோல் நின்றன. பயிரை விலக்கிக் காட்டினார். தரை விரிந்திருந்தது. என் விரல் உள்ளே போனது.

தொட்டியைப் பார்த்தேன். உண்மையிலேயே நிரம்பி, வெட்டின் விளிம்பு வரைக்கும் நின்றது. வானம் முழுவதும் அதற்குள் இருந்தது. தட்டான் ஒன்று நீர்மேல் இறங்கி இறங்கி எழும்பியது. கையை விட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

போரிலிருந்து வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்காது. இது வெயிலில் கிடந்த தண்ணீர். ஓடவே இல்லை.

கொட்டகைக்குள்ளிருந்து பாய் கூப்பிட்டார். மெயின் சுவிட்சுக்குள் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. ஃப்யூஸ் போயிருந்தது. மூன்று பேஸில் ஒன்று வரவில்லை என்றதும் புதுப் பம்போடு வந்த மின்பேனல் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. மோட்டார் கருகாமல் காப்பாற்றி, அமைதியாக நிறுத்திவிட்டது. பழைய மோட்டாராக இருந்தால் உறுமியிருக்கும், புகைந்திருக்கும், நாறியிருக்கும். இது நல்ல பிள்ளையாகத் தூங்கிவிட்டது.

“என்னிக்கு நின்னுச்சு வாசுகி?”

“தெரியலையே மேடம்.” முதல்முறையாக அவர் குரல் உடைந்தது. “பாப்பாவ ஸ்கூல் பஸ் ஏத்த வர்றப்ப தெனம் மதகுல நின்னு பாப்பேன். தொட்டி ரொம்பி மின்னும். ஓடுதுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிடுவேன்.”

“முன்னாடி எப்படிப் பாப்பீங்க?”

“முன்னாடி எங்க பாத்தேன்? எங்க வீட்டுக் கொல்லக் கதவத் தொறந்தா இங்க கொட்டுற சத்தம் அடுப்படி வரைக்கும் வரும். வேலையப் பாத்துக்கிட்டே இருப்பேன். சத்தம் நின்னா கை தன்னால நின்னுடும். உடனே ஓடியாருவேன்.”

போருக்குள் இறங்கியிருக்கும் மோட்டாரின் சத்தம் மேலே கேட்காது. கேட்பது விழும் தண்ணீரின் சத்தம் ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் நாங்கள் மின்சாரம் மிச்சமாக அறுத்து எடுத்திருந்தோம்.

“குழாய் ஏன் உயரம்னு கேட்டப்ப இதச் சொல்லலையே?”

வாசுகி என்னைப் பார்த்தார். கோபமில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

“குழாயப் பத்திக் கேட்டீங்க, சொன்னேன். சத்தத்தப் பத்தி நீங்க கேக்கல. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தோணியிருக்குமான்னு தெரியல. அது எப்பவும் இருந்துக்கிட்டே இருந்துச்சு.”

பாய் ஃப்யூஸ் கட்டி, சுவிட்சைப் போட்டார். தொட்டி சுழித்தது. தண்ணீர் வாய்க்காலில் நகர்ந்து, மடையில் திரும்பி, வயலுக்குள் நுழைந்தது. நாங்கள் மூவரும் அதன் பின்னாலேயே நடந்தோம். வெடிப்புகளுக்குள் விழுந்தபோது களக் களக் என்று மண் குடிக்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு குடித்தும் தண்ணீர் முன்னேறவில்லை. ஒவ்வொரு வெடிப்பும் தன் பங்கை வாங்கிக்கொண்டுதான் அடுத்ததற்கு விட்டது.

“தொண்டையிலயே காஞ்சிருந்தா?” என்றேன் பாயிடம், மெதுவாக.

“நெல்லுக்குள்ள பாலு புடிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது மேடம்.”

5. கொலுசு

அன்று மாலைக்குள் நிலத்துக்காரருக்குச் செய்தி போய்விட்டது. ஊரில் இந்த மாதிரிச் செய்திகளுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. வாசுகியின் போனில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

“ஏம்மா, வயலக் காயப் போட்டுட்டியாமே?”

“இப்ப பாயுதுங்க சார்.”

“சரி, பாலு புடிக்கிற சமயத்துல நான் ஒரு நட வந்து பாக்குறேன். பாத்துட்டு சம்பாவப் பத்திப் பேசுவோம்.”

போனை மடியில் வைத்துக்கொண்டு வாசுகி தொட்டியையே பார்த்தார். “பழையபடி குழாய ஒசத்தி வச்சுடுங்க மேடம். எனக்கு இது பயமா இருக்கு.”

சென்னையிலிருக்கும் எங்கள் திட்ட மேலாளருக்குப் பேசினேன். நல்ல மனிதர், எண்களை நம்புகிறவர்.

“கீதா, ஒரு இடத்துல குழாய ஏத்துனா எல்லாரும் ஏத்தச் சொல்லுவாங்க. அப்புறம் புதுப் பம்பு மாத்தி என்ன பிரயோஜனம்? மொபைல் ஸ்டார்ட்டர் வச்சுக் குடுங்க. மோட்டார் நின்னா மெசேஜ் போயிடும்.”

வாசுகியிடம் சொன்னேன்.

“போனு பாதி நேரம் பாப்பா கையில இருக்கும். மீதி நேரம் டவர் இருக்காது. களையெடுக்குறப்ப எந்தக் கையால எடுத்துப் பாக்குறது? மோட்டாரு ஓடுறது வேற மேடம், தண்ணி வர்றது வேற. மோட்டாரு ஓடும், தண்ணி ஏறாது. அதயும் மெசேஜ்ல சொல்லுமா?”

சொல்லாது. நான் மறுபடி சென்னைக்குப் போன் செய்து, குழாயை உயர்த்தத்தான் போகிறேன், அளவீட்டில் இந்த இடத்தை வேண்டுமானால் விட்டுவிடுங்கள் என்றேன். மேலாளர், “ஒரே ஒரு நாள் குடுங்க, யோசிப்போம்” என்றார்.

மறுநாள் காலை தொட்டியருகே நின்று நானும் பாயும் குழம்பிக்கொண்டிருந்தபோது பக்கிரிசாமி மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். நிலவரத்தைக் கேட்டார். அவருக்கு வாயைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாது.

“நடக்கப் பழகுற புள்ள எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியணும்னு காலுல கொலுசு மாட்டி விடுவாங்கல்ல? அது மாதிரி உங்க ஊமத் தண்ணிக்கு ஒரு கொலுசு மாட்டி விடுங்க மேடம்.”

மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் எரிச்சலில் இருந்தேன். பாய் சிரிக்கவில்லை. தொட்டியின் வெட்டுக்குக் கீழே, தண்ணீர் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் சிமெண்டுச் சரிவைக் குனிந்து பார்த்தார்.

“மேடம், தண்ணி தொட்டிக்கு மேல ஏறத்தானே கூடாது? எறங்குறப்ப சத்தம் போட்டா யாருக்கு நட்டம்?”

தொட்டி தரைக்கு மேலே. வாய்க்கால் தரையில். தண்ணீர் எப்படியும் அந்த உயரத்திலிருந்து இறங்கியாக வேண்டும். நாங்கள்தான் அதை வழுக்கி இறங்க வைத்திருந்தோம். பாய் உளியை எடுத்துச் சரிவைத் தட்டி எடுத்தார். தண்ணீர் செங்குத்தாக விழுந்தது. அதற்கடியில் எதையாவது கவிழ்த்து வைக்க வேண்டும்.

முதலில் வாசுகி ஒரு குண்டான் மூடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். தூரத்தில் கொல்லைக் கதவு திறந்தது.

“கேக்கல!”

தகரத் துண்டு வைத்தோம். “கேக்கல!” மறுபடி வேறு பக்கம் சாய்த்து வைத்தோம். “என்னமோ கேக்குது, காக்காயான்னு தெரியல!” கடைசியில் பாய் தன் வண்டியிலிருந்து காலி எண்ணெய் டின் ஒன்றை எடுத்து, கவிழ்த்து, இரண்டு கல்லுக்கு நடுவில் நிறுத்தினார். தண்ணீர் அதன்மேல் விழுந்ததும் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை.

பிறகு வாசுகி வரப்பில் நடந்து வந்தார். கத்தத் தேவையில்லை என்பதுபோல், பக்கத்தில் வந்த பிறகே சொன்னார்.

“அடுப்படியில நின்னு பாத்தேன். கேக்குது.”

இந்தச் சத்தத்துக்கு மின்சாரம் ஒரு துளி கூடச் செலவாகவில்லை. சென்னைக்குச் சொன்னேன். மேலாளர் முதலில் படம் அனுப்பச் சொன்னார். பிறகு, “படத்துல சத்தம் தெரியாதே, வீடியோவா அனுப்புங்க” என்றார்.

6. பால்

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. அரிசி ஆலை ஒன்றில் கணக்கெடுப்பு இருந்தது. போனேன். நெல் கொட்டிக் கிடந்த களத்தைப் பார்த்ததும் ஒரு நெல்லை எடுத்து நகத்தால் பிளந்தேன். எங்கள் வீட்டு மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டு, மொட்டைமாடியில் போய் நின்றேன். “மோட்டார்தான் ஓடுதே, அங்க என்ன பண்ற?” என்றார் என் கணவர். குழாயில் கையை வைத்தபடி நிற்பதை எப்படி விளக்குவது?

வாசுகி தினமும் போன் செய்வார். பேச்சு அநேகமாக ஒரே மாதிரி இருக்கும்.

“நசுக்கிப் பாத்தீங்களா?”

“பாத்தேன். இன்னும் ஒண்ணும் இல்ல மேடம்.”

நிலத்துக்காரர் வரும் அன்று நானும் போனேன். கூப்பிடவில்லை, ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் காரிலிருந்து இறங்கி, நேரே மேட்டு மூலைக்கு நடந்தார். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் மூலை. வயல் தெரிந்தவர். எங்கே அடி விழுந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு கதிரை வளைத்து, ஒரு நெல்லைக் கட்டைவிரல் நகத்தால் நசுக்கினார். ஒன்றும் வரவில்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. உதறிவிட்டு நடந்தார். வாசுகி அவருக்குப் பின்னால் வரப்பில், அவர் கால்வைத்த இடத்திலேயே கால்வைத்து நடந்தார். நான் அவருக்குப் பின்னால்.

வயலின் நடுவில் நின்றார். கதிரை வளைத்தார். நசுக்கினார். நகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளையாக ஒரு சொட்டு. அதை வேட்டியில் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி நசுக்கினார். அங்கேயும் பால். பள்ளப் பக்கம் முழுவதும் பால்.

தொட்டிப் பக்கம் திரும்பி, “அது என்ன சத்தம்?” என்றார்.

வாசுகி சொன்னார். பல்லியையும் சொன்னார், வெதுவெதுப்பான தண்ணீரையும் சொன்னார், மதகில் நின்று பார்த்து ஏமாந்ததையும் மறைக்காமல் சொன்னார். அவர் டின்னருகே போய் நின்றார். தண்ணீர் வேட்டியில் தெறித்தது, நகரவில்லை.

“மேட்டு மூல பதருதான்.”

“ஆமாங்க.”

“மிச்சம் தேறிடும்.” கார் கதவைத் திறந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார். “சம்பாவுக்கு வெத எடுத்துட்டியா?”

“இன்னும் இல்லீங்க.”

“காலத்துல எடுத்துடு.”

கார் மதகைத் தாண்டும்வரை வாசுகி அசையவில்லை. பிறகு வரப்பில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். டின்னில் தண்ணீர் விழுந்த இரைச்சலில் அழுகை எனக்குக் கேட்கவில்லை.

7. கொல்லைக் கதவு

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் வழிகாட்டு நெறிகளைக் கேட்கிறார்கள். பம்பின் திறன், குழாயின் விட்டம், கப்பாசிட்டர், எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. வீணாகத் தெரியும் எதையும் அறுப்பதற்கு முன், அது சும்மாவே வேறு என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். கேட்டால் சொல்லமாட்டார்கள். மறைப்பதற்காக இல்லை. அவர்களுக்கே அது தனியாகத் தெரிவதில்லை. நீங்கள்தான் அவர்கள் நிற்கும் இடத்தில் போய் நிற்க வேண்டும். எங்கள் திட்டத்தில் இப்போது அது விதி. பம்பு ஓடுவது வீட்டிலிருந்து தெரிய வழி செய்யாமல் குழாயைத் தாழ்த்தக் கூடாது.

பக்கிரிசாமி சம்பாவுக்கு முன் பம்பை மாற்றச் சம்மதித்தார். “எனக்குக் காது கொஞ்சம் மந்தம் மேடம். ரெண்டு டின்னா வச்சிடுங்க” என்றார்.

போன மாதம் நாகப்பட்டினம் பக்கம் ஒரு புது ஊர். குழாயை அறுக்க ஜாபர் பாய் வண்டியிலிருந்து ரம்பத்தை எடுத்துவிட்டார். விவசாயி தொட்டியருகே நின்று எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டி, வரப்பு வழியாக அவர் வீட்டை நோக்கி நடந்தேன். அடுப்படியில் அவர் மனைவி மீன் அலசிக்கொண்டிருந்தார். யாரோ வந்து நிற்கிறார்களே என்று நிமிர்ந்தார்.

“என்ன மேடம், தண்ணி வேணுமா?”

“இல்லீங்க. இங்க கொஞ்ச நேரம் நின்னுக்கிறேன்” என்றேன்.

கொல்லைக் கதவு திறந்திருந்தது. தூரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் மறுபடி மீனைக் கையில் எடுத்தார்.